காலை 680, மாலை 700

ஜூலை 2, புதன்
காலை: -- மாலை: 680. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு:

இந்த நோட்டைக் கொடுத்த டாக்டரம்மாவுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு நான்கு கட்டம் போட்டிருக்கிறீர்கள். காலை எண், மாலை எண், இருமல் உண்டா இல்லையா, வேறு குறிப்பு. முதல் மூன்றுக்கும் ஒரு விரல் அகலம். வேறு குறிப்புக்கு மட்டும் முக்கால் பக்கம். இவ்வளவு இடத்தைச் சும்மா விட எனக்கு மனசு வராது. நான் கண்டக்டர். காலி சீட்டைப் பார்த்தால் ஆள் ஏற்றத்தான் தோன்றும்.

பெயர் ஆறுமுகநயினார். வயது நாற்பத்தாறு. திருநெல்வேலி–திசையன்விளை லைன். பதினோரு வருஷமாக ஒரே டிரைவர், ஞானதிரவியம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனுஷன். மீதியை எல்லாம் நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன ஆடிக் காற்றில் பிடித்த இருமல் எனக்கு. சளியைச் சோதித்தார்கள், டி.பி. இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தம். ஆனாலும் இருமல் போகவில்லை. போன மாதம் யாரோ ஒரு பயணி, "இந்தக் கண்டக்டர் டிக்கெட்டோடு இருமலையும் சேர்த்துக் கொடுக்கிறார்" என்று மனு எழுதிப் போட்டுவிட்டான். கிளை மேலாளர் கூப்பிட்டார். "ஜூலை முடியதுக்குள்ள என்ன ஏதுன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாரும். இல்லைன்னா ஆகஸ்ட் ஒண்ணுலேர்ந்து டயர் செக்‌ஷன்" என்றார். டெப்போவுக்குள் உட்கார்ந்து டயர் எண்ணுகிற வேலை. டயரோடு என்னத்தைப் பேச?

அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரியில் உங்களிடம் வந்து மாட்டினேன். பெரியவர்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எந்தச் சோதனை சரி, எது தப்பும் தவறுமாகச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களாம். அதில் நான் நாற்பத்து மூன்றாவது ஆள். மூன்று சோதனை.

முதல் சோதனை கம்ப்யூட்டரோடு இருக்கிற பெரிய மெஷின். மூக்கில் கிளிப்பை மாட்டி, மூச்சை நிறைய இழுத்து, ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். மெஷின் பார்க்கிற ஜெசிமா என்கிற பெண் பக்கத்தில் நின்று, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும் இன்னும்!" என்று கத்துகிறது. ஒரே விநாடியில் எனக்கு முடிந்துவிட்டது. எட்டு தடவை ஊதினேன். எட்டும் செல்லாது என்றது மெஷின். எட்டுக்கு மேல் ஊதச் சொல்லக் கூடாதாம்.

இரண்டாவது மெஷினில் மெதுவாக, ஒரே சீராக ஊத வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் இருந்தால் மூச்சில் ஒரு வாயு கூடுமாம், அதை அளக்கிறது. அதில் அறுபத்திரண்டு வந்தது. நீங்கள் புருவத்தைத் தூக்கினீர்கள். எனக்கோ சந்தோஷம். அறுபதுக்கு மேல் வாங்கினால் முதல் வகுப்பு அல்லவா?

மூன்றாவதுதான் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட இந்தக் குழாய். ஒரே ஊது, முள் நகரும், எண்ணைப் பார்த்து எழுத வேண்டும். தினமும் காலையும் மாலையும், இரண்டு வாரம். எப்படி ஊதுவது என்று ஜெசிமா சொல்ல வந்தது. "இருபது வருஷமா விசில் ஊதிச் சோறு திங்கறவன்கிட்ட ஊதச் சொல்லிக் குடுக்கியாம்மா?" என்றேன். பின்னால் பெரிய வரிசை. அதுவும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டது.

சாயந்திரம் வீட்டில் ஊதினேன். 380. திரும்ப ஊதினேன், 370. என் மனைவி பகவதி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, இவ்வளவுதானா?" என்றாள். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. விசிலை ஊதுகிற மாதிரி நாக்கு நுனியை உதட்டுக்குப் பின்னால் வைத்து, "துப்"பென்று ஒரு அடி. 680! முந்தின இரண்டும் கணக்கில் சேராது. வாய் பழகவில்லை.

ஜெயித்தாக வேண்டும் டாக்டரம்மா. ஆஸ்துமா என்று நீங்கள் எழுதிவிட்டால் மேலாளர் என்னை மறுபடி பஸ்ஸில் ஏற்றுவாரா? என் அப்பாவுக்கு மூச்சிழுப்பு, அதிலேயே போனார். அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஜூலை 4, வெள்ளி
காலை: 680 மாலை: 700. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு:

இட்டமொழி ஊரைத் தாண்டினால் செம்மண் தேரி, மேடு மேடாக மணல். இந்த மாதத்துக் காற்றில் அந்த மண் பஸ்ஸுக்குள் வந்து, டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் கொஞ்சம் செருமினேன். இருமல் இல்லை, செருமல். திசையன்விளை வரைக்கும் செருமினேன்.

ஞானதிரவியம் நடுவழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். இறங்கிப் போய் முன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். நான் செருமி முடித்து, தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்த பிறகு ஏறி வந்தார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை இது.

"டயர்ல என்னவே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாத டயருக்கு ஐந்து நிமிஷம். நேரம் தவறினால் டைம் கீப்பரிடம் வசவு வாங்குவது நான்தானே?

ஜூலை 5, சனி
காலை: 700 மாலை: 700. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு: லீவு. மீன் குழம்பு. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 7, திங்கள்
காலை: 690 மாலை: 700. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு:

கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவதைப் பகவதி பார்த்துவிட்டாள்.

"விடியக்காலம் நாலு மணியிலேர்ந்து கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து லொக்கு லொக்குன்னது யாரு? அடுத்த வீட்டுக்காரனா?"

"அது விடியக்காலம்ட்டி. கட்டத்துல காலைன்னுதான் போட்டிருக்கு."

"நாலு மணி காலை இல்லாம?"

"வெளிச்சம் வந்தாத்தான் காலை."

தலையில் அடித்துக்கொண்டு போனாள். போனவள் இரண்டு தலையணையோடு திரும்பி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. நான்கு தலையணை வைத்துப் படுத்தால் அது படுக்கையா, நாற்காலியா?

ஜூலை 9, புதன்
காலை: 700 மாலை: 720. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு:

டாக்டரம்மா, இன்றைக்கு உங்கள் ஆய்வுக்கு நான் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறேன். சும்மா சொல்லவில்லை.

டெப்போவில் டீ நேரத்தில் குழாயை எடுத்து ஊதினேன். சுற்றி நின்றவர்கள், "அது என்னது, நான் ஊதுதேன், நீ ஊது" என்று மொய்த்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் வெந்நீரில் கழுவி, துடைத்துத்தான் கொடுத்தேன். ஆறு கண்டக்டர், ஐந்து டிரைவர். எண்களை டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன். கீழே தருகிறேன்.

கண்டக்டர்கள்: 640, 660, 690, 630, 670, நான் 720.
டிரைவர்கள்: 500, 460, 540, 480, ஞானதிரவியம் 520.

ஒரு டிரைவர்கூட அறுநூறைத் தொடவில்லை! ஒரு கண்டக்டர்கூட அறுநூறுக்குக் கீழே இல்லை! வண்டிக்குள் நடந்துகொண்டே இருப்பவனுக்கு நுரையீரல் விரிகிறது, உட்கார்ந்தே ஓட்டுகிறவனுக்குச் சுருங்குகிறது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? வேண்டுமானால் உங்கள் கட்டுரையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

ஞானதிரவியத்துக்கு 520 வந்ததும் எல்லோரும் கேலி பண்ணினார்கள். தினமும் விடியலில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற மனுஷன். பதினோரு வருஷத்தில் ஒரு தும்மல்கூட நான் கேட்டதில்லை. "என்னவே, உம்ம எஞ்சின்ல கோளாறு போலிருக்கே" என்றேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீரு ஊதுனது மூச்சுதானாவே?" என்றார்.

பொறாமை.

ஜூலை 11, வெள்ளி
காலை: 690 மாலை: 690. இருமல்: கொஞ்சம்.
வேறு குறிப்பு:

முனைஞ்சிப்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் சாமான் ஏற்றினார்கள். ஒரு பெரிய பித்தளைச் சருவச்சட்டியை மேலே தூக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். மூச்சு உள்ளே போனது, வெளியே வர வழி தெரியாமல் நின்றுவிட்டது. நெஞ்சைப் பெல்ட்டால் இறுக்கின மாதிரி. விசில் வாயில்தான் இருக்கிறது. ஊத முடியவில்லை.

வண்டி தானாகவே நகர்ந்தது. ஞானதிரவியம் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். சாமான் ஏறிவிட்டது, கதவு சாத்தியாயிற்று, நான் கம்பியைப் பிடித்து நிற்கிறேன் என்று பார்த்து, விசில் இல்லாமலே எடுத்துவிட்டார்.

அடுத்த ஊரில் இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். "விசில் குடுக்காம எப்படிவே வண்டிய எடுத்தீரு? நான் எதுக்கு இருக்கேன் அப்புறம்?"

"தெரியாம எடுத்துட்டேன்" என்றார். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். அந்த ஃபிளாஸ்க் எப்போதிலிருந்து வண்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பால் விடாத கட்டன் சாயா மட்டும் குடிக்கிற மனுஷனுக்கு வெந்நீர் எதற்கு?

பயமாக இருந்தது டாக்டரம்மா. எண் 690 இருக்கிறது, மூச்சு இல்லை. இது எப்படி?

ஜூலை 13, ஞாயிறு
காலை: 700 மாலை: 690. இருமல்: உண்டு.
வேறு குறிப்பு: பகவதி சொன்னதால் எழுதுகிறேன்.

ஜூலை 16, புதன்
காலை: 690
வேறு குறிப்பு:

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதாமல் விட்டால் மண்டை வெடித்துவிடும். இதை இனி டாக்டரம்மா படிப்பாரோ மாட்டாரோ, எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டரம்மா அமுதவல்லி முதலில் எண்களை மட்டும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நல்ல எண்ணுங்க. ஏற்ற இறக்கமே இல்ல. இதை மட்டும் பார்த்தா ஆஸ்துமா இல்லைன்னு எழுதிடலாம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது.

"ஆனா அறுபத்திரண்டுன்னு ஒண்ணு நிக்குதே" என்றார்.

"முதல் வகுப்பு மேடம்" என்றேன்.

"அது மார்க் இல்ல, அண்ணாச்சி. ஐம்பதுக்கு மேல போனா உள்ள வீக்கம் இருக்கணும். குறைஞ்சாத்தான் நல்லது."

மேளம் நின்றுவிட்டது. அவர் நோட்டை மறுபடி முதலிலிருந்து திருப்பி, வேறு குறிப்பை வாசிக்க ஆரம்பித்தார். நான் எதிரில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கினேன். முதல் பக்கத்தில் 380க்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நாலு மணிக்கும் வெளிச்சத்துக்கும் நடந்த சண்டையில் சிரித்தார். டயரை உதைக்கிற இடத்தில் சிரிக்கவில்லை. டெப்போ போட்டி வந்ததும் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஜெசிமா! இங்க வா. இதைப் பாரு. கண்டக்டர் எல்லாரும் அறுநூறுக்கு மேல, டிரைவர் எல்லாரும் கீழ!"

ஜெசிமா வாசித்தது. வாயைப் பொத்திக்கொண்டது. "அண்ணாச்சி, என் முன்னாடி ஒரு தடவை ஊதிக் காட்டுங்க."

ஊதினேன். 690.

"ஐயோ அண்ணாச்சி! நீங்க விசில் அடிக்கிறீங்க!"

பக்கத்து அறையிலிருந்து பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். நாக்கை அடைத்து வைத்துப் படாரென்று விட்டால் வாயில் அடைபட்ட காற்று முள்ளைத் தள்ளிவிடுமாம். அது வாயின் வேகம், நெஞ்சின் வேகம் இல்லை. இருபது வருஷமாகக் கன்னத்திலும் நாக்கிலும் ஊதிப் பழகினவன் நான். டெப்போவில் ஆறு பேரும் அப்படித்தான். நான் கண்டுபிடித்த உடற்கூறு சாஸ்திரம் இத்தோடு முடிந்தது. டிரைவர்கள் மட்டும்தான் ஒழுங்காக ஊதியிருக்கிறார்கள்.

"நாக்கைக் கீழே படிய வைங்க. வாயை நல்லா மூடி, நெஞ்சுலேர்ந்து ஊதுங்க" என்று ஜெசிமா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது. மூன்று தடவை ஊதினேன். 380, 370, 380.

வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, "அப்போ முதல் நாளு வந்ததுதான் நிஜமா?" என்றேன். முதல் நாள் எண்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதை டாக்டரம்மா ஏற்கெனவே படித்துவிட்டார்.

பிறகு பெரிய மெஷின். ஆறு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று ஊதிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது தடவை முழுசாக வந்தது. ஜெசிமா கைதட்டியது. 2.1 லிட்டர் என்று காட்டியது. அப்புறம் ஒரு நீலக் குழலிலிருந்து, நீள டப்பா வைத்து மருந்தை இழுக்கச் சொன்னார்கள். கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாவது நிமிஷத்தில் ஒன்று நடந்தது. சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் பொழுதுபோகாமல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய பத்தியை நடுவில் நிறுத்தாமல் படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் முறைத்தார். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. ஒரு வருஷமாக என் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள், இறங்கிப் போய்விட்டார்கள்.

திரும்ப ஊதினேன். 2.6.

"அரை லிட்டர் கூடியிருக்கு. இதுதான் ஆஸ்துமா" என்றார் டாக்டர் அமுதவல்லி. நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்.

"அப்போ டயர் செக்‌ஷன்தானா மேடம்?"

"யார் சொன்னது? தினமும் இழுக்கிற மருந்து தர்றேன். ரெண்டு வாரத்துல நீங்களே பார்ப்பீங்க. இருமலுக்குக் காரணமே தெரியலைன்னா என்னால எதுவும் எழுதித் தர முடியாது. காரணம் தெரிஞ்சாத்தான் 'வேலைக்குத் தகுதி'ன்னு எழுத முடியும்."

இரண்டு வாரமாக உயிரைக் கொடுத்து ஜெயிக்கப் பார்த்தேனே, ஜெயித்திருந்தால்தான் வேலை போயிருக்கும்! அந்தக் கிறுக்குத்தனத்தை நினைத்து அங்கேயே சிரித்தேன். இருமல் வரவில்லை. அதற்காக இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

கிளம்பும்போது, "உங்க நோட்டை ஒரு பிரதி எடுத்துக்கலாமா? இந்தத் தப்பு வேற யாருக்கும் நடக்காம, இனி ஒவ்வொருத்தரையும் முன்னால ஊத வச்சுப் பார்ப்போம்" என்றார். குழாயை டெப்போ முழுக்க ஊதக் கொடுத்ததற்குத் தனியாகத் திட்டும் வாங்கினேன்.

மாலை: 390. இது நிஜ எண்.

ஜூலை 17, வியாழன்
காலை: 370 மாலை: 400. இருமல்: உண்டு.
வேறு குறிப்பு:

பகவதியிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். "எனக்குப் போன வருஷமே தெரியும். நீங்கதான் வாயத் தொறக்க விடலையே" என்றாள். மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். டம்ளரோடு வந்து நிற்கிறாள்.

அப்பா காலத்தில் இப்படி ஒரு குழல் கைக்கு எட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 21, திங்கள்
காலை: 430 மாலை: 450. இருமல்: கொஞ்சம்.
வேறு குறிப்பு: நான்கு தலையணையில் இரண்டு அலமாரிக்குப் போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி
காலை: 470 மாலை: 490. இருமல்: இல்லை. (சத்தியமாக இல்லை.)
வேறு குறிப்பு:

தேரியில் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு டிக்கெட் போட்டேன். செருமல்கூட இல்லை. ஞானதிரவியம் டயர் பார்க்க இறங்குவார் என்று எதிர்பார்த்தேன், அவர் வண்டியை நிறுத்தவே இல்லை. எப்படித் தெரிந்ததோ. போட்டியில் உண்மையான வெற்றி அவருக்குத்தான் என்று சொன்னேன். "ம்" என்றார். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு.

ஜூலை 31, வியாழன்
காலை: 500 மாலை: 510. இருமல்: இல்லை.
வேறு குறிப்பு:

காலையில் டாக்டரம்மாவின் கடிதத்தோடு மேலாளர் முன்னால் போய் நின்றேன். "ஆஸ்துமா. தொற்றாது. மருந்தினால் கட்டுப்பாட்டில் உள்ளது. பணிக்குத் தகுதியானவர்." அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"இதுதானா? நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன். மருந்த ஒழுங்கா இழுத்துக்கிடும். நாளைக்கும் அதே லைன்தான்" என்றார்.

நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

"நில்லுமய்யா. இந்தப் பேப்பரையும் கையோட கிழிச்சிரலாமா?" என்று ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

கோழி கிளறின மாதிரி எழுத்து. பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. தேதி ஜூலை இரண்டு. நான் ஆஸ்பத்திரியில் எட்டு தடவை ஊதிக்கொண்டிருந்த அன்றைக்கு எழுதியிருக்கிறார். "கண்டக்டர் ஆறுமுகநயினாரை டெப்போ வேலைக்கு மாற்றுவதாக இருந்தால், தயவுசெய்து என்னையும் லைனிலிருந்து எடுத்து அவர் கூடவே டயர் செக்‌ஷனில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, ஞானதிரவியம், டிரைவர்."

"முப்பது வருஷம் ஓட்டுன மனுஷன், டயர் எண்ணுதேங்காரு. என்னன்னு நான் பதில் எழுத?" என்றார் மேலாளர்.

தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன். வெளியே வரும்போது கண் மங்கிவிட்டது. மருந்தினால் இல்லை. எழுதத்தானே இந்த நோட்டு, எழுதிவிடுகிறேன். அழுதேன்.

வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஆள் நிறைந்திருந்தது. முன்பக்கமாகப் போய் அவர் ஜன்னலில் தாளைக் காட்டினேன்.

"என்னவே இது?"

ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியைச் சரி பண்ணினார். ஏற்கெனவே சரியாக இருந்த கண்ணாடி.

"எதுக்குவே இப்படி எழுதுனீரு? உமக்கு என்ன தலையெழுத்து?"

"பின்ன என்னவே பண்ணச் சொல்லுதீரு? பதினோரு வருஷமா நீரு வாய் ஓயாம பேசுததக் கேட்டுக்கிட்டே ஓட்டிப் பழகிட்டேன். புதுசா ஒருத்தன் வந்து சும்மா உக்காந்திருந்தாம்னா, எனக்கு இட்டமொழிலயே தூக்கம் வந்துரும். அறுபது பேரு உசுரு இருக்குல்லா வண்டில."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பத்து வார்த்தைக் கணக்கு ஒரே மூச்சில் எங்கேயோ போய்விட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு, இந்த ஆறுமுகநயினாருக்கு, ஒரு வார்த்தை வரவில்லை.

"யோவ் கண்டக்டர், வண்டிய எடுக்கச் சொல்லுமய்யா! கோயில்ல பூசை முடிஞ்சிரும்!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பட்டுச்சேலை அம்மா கத்தினாள்.

ஓடிப்போய்ப் பின்படியில் ஏறினேன். அழுதுகொண்டே ஊதினால் விசில் சரியாக வராது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை வந்தது. வண்டி கிளம்பியது.